ஊராரின் அறிவும் ஊரின் வரைபடமும்

பொன்னேரித் தாலூகாவின் கீழ்க்கோடியில் பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர ராஜ்யத்தைச் சேர்ந்தது. தென்கோடி மட்டுமே தமிழ்நாட்டுக்கு உரியது. ஆரணியாறும் காளங்கியும் மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இவ்விரு நீரும் கலப்பதனால்தான் இறாலும் நண்டும் மடவையும் அங்கே பெருகுகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய கிராமங்களில் வாழும் ஜனங்களின் ஜீவனம் இந்தக் கலப்பையே நம்பியிருக்கிறது.

இந்த ஏரியைப் பற்றிய அறிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், சர்க்கார் காரியாலயங்களில் இருக்கிறது என்று படித்தவர்கள் பதில் சொல்லக்கூடும். அது பாதி உண்மைதான். முகத்துவாரம் எந்த மாதத்தில் மணல் மேடிட்டு அடைபடும், வாடைக்காற்றில் இறால் எந்தப் பக்கம் ஒதுங்கும், எந்தத் துறையில் படகின் அடி தட்டும், எந்தத் திட்டில் வலை உலர்த்தலாம், எந்த ஓடையில் இருளர் பெண்கள் வெறுங்கையால் இறால் தடவிப் பறியில் சேர்ப்பார்கள் என்பனவெல்லாம் காரியாலயக் கட்டுகளில் காணக் கிடைப்பது அரிது. தந்தை மகனுக்கும் தாய் மகளுக்கும் வாய்மொழியாகச் சொல்லி வந்த அறிவு அது. இதை ஊரார் தாமே ஒன்றுகூடி, தமது சொற்களில் எழுதி, தமது கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம். இதற்கு அவசரமும் ஏற்பட்டிருக்கிறது.

படம் வரைந்தவர்கள்

1802-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னைப் பரங்கிமலையின் அருகே சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் அளந்த மகா அளவை அங்கிருந்துதான் புறப்பட்டது. விஞ்ஞான முறையில் அது பெருமைக்குரிய காரியமே. ஆயினும் அக்காலத்துச் சர்க்காருக்கு முக்கியமாக வேண்டியிருந்தவை வரியும், படை செல்லும் வழியுமே. வரி தந்த வயல் கணக்கில் விவரமாக ஏறியது. வரி தராத மணல்வெளியும் கழியும் சதுப்பும் புறம்போக்கு என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. அன்னிய ஆட்சி 1947-ல் போயிற்று. அந்தச் சொல் போகவில்லை. வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், மீன் காயப்போடும் இடம் ஆகிய எல்லாம் இன்றும் பல கணக்குகளில் வெறும் புறம்போக்காகவே நிற்கின்றன.

பழவேற்காட்டின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பலேற்றி வியாபாரம் செய்தார்கள். அவர்களுடைய கல்லறைகளைத் தொல்பொருள் இலாகா பாதுகாத்து வருகிறது. அவர்களுடைய பெயர்கள் கல்லில் நிலைத்திருக்கின்றன. அதே தண்ணீரில் தலைமுறை தலைமுறையாக வலை போட்டவர்கள் துறைகளுக்கும் திட்டுகளுக்கும் ஓடைகளுக்கும் இட்ட பெயர்களோ, சொல்லுகிறவர் உள்ளவரையில்தான் உயிரோடிருக்கும்.

பெயர் போனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள், சற்றே தெற்கே எண்ணூரைப் பார்க்க வேண்டும். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழி 1996-ம் வருஷத்துக் கடற்கரைப் படத்தில் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட வேறொரு படத்தில் அந்தக் கழியே காணப்படவில்லை. தினந்தோறும் படகு ஓடுகிற நீர்ப்பரப்பு காகிதத்தில் மறைந்துபோயிற்று. நீர் என்று குறிக்கப்படாத இடத்தில் கட்டடம் எழுப்புவதற்கு யார் தடை சொல்ல முடியும்?

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. அதை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விஸ்தரிக்கும் யோசனை பல வருஷங்களாகப் பிரஸ்தாபத்தில் இருந்து வந்திருக்கிறது. அதைப் பற்றிய பொது விசாரணை 2021 ஜனவரியில் ஒரு முறையும் 2023 செப்டம்பரில் ஒரு முறையும் குறிக்கப்பட்டு, இரண்டு முறையும் ஒத்திவைக்கப்பட்டது. துறைமுகத்தின் நன்மை தீமைகளை இங்கே நாம் விவாதிக்கப் புகவில்லை. இத்தகைய விசாரணைக்கு ஒரு பக்கத்தார் அச்சிட்ட அறிக்கைகளோடும் வர்ணப் படங்களோடும் வருவார்கள். மறுபக்கத்தில் ஒரு மீனவர் எழுந்து, "இந்த இடத்தில்தான் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வலை போடுகிறோம்" என்பார். "எந்த இடம்? அத்தாட்சி என்ன?" என்று அதிகாரி கேட்டால், அவர் கையால் திசையைக் காட்டுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? கை காட்டிய திசை நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது.

சட்டம் தந்திருக்கும் இடம்

இந்த விஷயத்தில் சட்டம் முற்றிலும் பாதகமாக இல்லை. மத்திய சர்க்கார் 2011 ஜனவரியில் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, மீனவ கிராமங்களையும், மீனவ சமூகத்தின் பொதுச் சொத்துக்களையும், படகுத் துறைகளையும், மீன் உலர்த்தும் களங்களையும் விரிவான படங்களில் காட்ட வேண்டும் என்று விதித்தது. 2019-ல் அதற்குப் பதிலாக வேறு அறிவிப்பு வந்தது. அதன்படி தமிழ்நாட்டுக்குத் தயாரித்த வரைவுப் படங்கள் 2023-ல் ஜனங்களின் அபிப்பிராயத்துக்கு வைக்கப்பட்டபோது, தங்கள் குடியிருப்புகளும் தொழிலிடங்களும் சரியாகக் காட்டப்படவில்லை என்று மீனவர்கள் ஆட்சேபித்தார்கள். விதி ஏட்டில் இருக்கிறது. அதை நிறைவேற்றும் விவரம் காரியாலயத்தில் இல்லை. அந்த விவரம் குப்பங்களில்தான் இருக்கிறது.

சென்னை ஊரூர் குப்பத்தைச் சேர்ந்த மீனவர் கே. சரவணன் இதை உணர்ந்து செயல்பட்டவர். இடத்தைக் குறிக்கும் கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு கரையோரக் கிராமங்களுக்குச் சென்று, ஊராரைக் கலந்து, அவர்களுடைய பொது இடங்களை அளந்து படமாக்கினார். பெரிய படிப்பும் பெரிய பணமும் இல்லாமல் இந்த வேலை நடக்கக்கூடியது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. வரைபடம் தயாரிக்க முன் அனுமதி பெறும் தொல்லையையும், சில விலக்குகள் தவிர, 2021 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் நீக்கிவிட்டது.

உலகத்தின் அனுபவம்

கனடா தேசத்தின் வடகோடிப் பனிப்பிரதேசத்தில் இனுவிட் என்னும் வேட்டை ஜனங்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய நிலம் யாருக்கும் சொந்தமில்லாத வெற்றுவெளி என்றே வெளியார் எண்ணியிருந்தார்கள். 1970-களில் அந்த வேடர்களைக் கிராமம் கிராமமாகச் சந்தித்து, தம் ஆயுளில் எங்கெங்கே வேட்டையாடினார்கள், எங்கெங்கே மீன் பிடித்தார்கள் என்பதைப் படத்தில் அவர்கள் வாயாலேயே சொல்லிக் குறிக்கச் செய்தார்கள். 1976-ல் மூன்று பாகங்களாக அது வெளிவந்தது. வெற்றுவெளி என்று கருதப்பட்ட பிரதேசம் மனிதர் நடந்த தடங்களால் நிறைந்திருந்ததை உலகம் கண்டது. நில உரிமைப் பேச்சுக்கு அந்தப் படங்கள் ஆதாரமாயின. 1993-ல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1999-ல் நூனவுட் என்ற தனிப் பிரதேசமே அமைந்தது.

நம் கரையிலும் அனுபவம் இல்லாமல் இல்லை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ கிராமத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் உதவியோடு ஓர் அறிவு மையம் நடந்து வந்தது. கடலின் நிலையை ஒலிபெருக்கியில் அறிவிப்பது அங்கே வழக்கம். 2004 டிசம்பர் 26-ந் தேதி சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றித் தொலைபேசியில் எச்சரித்தார். உடனே ஒலிபெருக்கி முழங்கியது. ஊர் முழுவதும் வெளியேறி, 3,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள். செய்தி ஒன்று வந்தது என்பதல்ல இதில் விசேஷம். வந்த செய்தியை நம்பி எல்லோருக்கும் சொல்லும் ஏற்பாடு ஊரிலேயே முன்கூட்டி இருந்தது.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, 2004-ல் இங்கிலாந்தில் தோன்றிய ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப்படத்தின் மேல் நகரவாசிகள் தங்கள் தெருவில் நீர் நின்றதைத் தாமே குறித்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் இவ்விதம் குறிக்கப்பட்டன. தன் வாசலில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை வீட்டுக்காரரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

பாடு கற்பிக்கும் பாடம்

பலர் கூடி அறிவைப் பகிர்ந்துகொள்வதென்றால் சச்சரவு வராதா என்று சிலர் ஐயுறலாம். பழவேற்காட்டார் இதற்குப் பதிலை வெளியே தேட வேண்டியதில்லை. அங்கே பாடு என்னும் முறை தொன்றுதொட்டு நடந்து வருகிறது. மீன் பிடிக்கும் இடங்களைத் தனியொருவர் ஆள்வதில்லை. உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டு எடுத்தும் முறை வைத்தும் இடங்கள் வழங்கப்படுகின்றன. நல்ல இடமும் மெலிந்த இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வருகின்றன. சச்சரவை ஊர்ச் சபை தீர்க்கிறது. இதே பெயரால் கொச்சிக் காயலிலும் இலங்கை நீர்கொழும்பிலும் இதையொத்த ஏற்பாடு இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்த இடம் எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் ஒழிய, அதை நியாயமாகப் பங்கிட முடியாது. ஆகவே பாடு முறையே ஊரார் பகிர்ந்துகொண்ட இட அறிவின்மேல் கட்டப்பட்டது.

அதன் குறையையும் மறைக்கலாகாது. தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவர் பாட்டுக்கு வெளியே நிற்கிறார். பெண்கள் அந்தப் பட்டியலில் இடம் பெறுவதில்லை. கழியில் இறங்கி வேலை செய்யும் இருளர்களும் அப்படியே. ஊரறிவு ஏடு ஒன்று எழுதப்படுமானால், அது பாட்டைவிட அகன்றதாக இருக்க வேண்டும். மீன் விற்கும் பெண்மணிக்குத் தெரிந்த சந்தையும் வழியும், பனையோலை முடையும் முஸ்லிம் பெண்களுக்குத் தெரிந்த தோப்பும், இருளர் குடும்பத்துக்குத் தெரிந்த சேற்றுத்தரையும் அதில் ஏற வேண்டும். ஒரு பகுதியாரின் அறிவை மட்டும் எழுதி, அதை ஊரின் அறிவு என்று பெயரிட்டால், பழைய படக்காரர் செய்த பிழையையே நாமும் செய்தவர்களாவோம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைப்பது புத்திசாலித்தனமாகாது. மீன் கூடும் இடத்தைப் பகிரங்கமாக்கினால் நாளைக்கே பெருவலைக்காரர் அங்கே வந்து நிற்கக்கூடும். பொன்னேரிக் கரையில் எதை வெளியிடலாம், எதை ஊருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஊர்ச் சபையே தீர்மானிக்கட்டும். குடியிருப்பு, துறை, களம், வழி, கோவில், மாதாகோவில், மசூதி, இடுகாடு முதலியவை படத்தில் பகிரங்கமாக ஏறலாம். மீன் பிடிக்கும் இடத்தின் எல்லையைக் காட்டினால் போதும். அதன் மர்மத்தைக் காட்ட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது

வேலை எளியது. ஒவ்வொரு குப்பத்திலும் முதியோர் சிலரும், எழுதத் தெரிந்த இளைஞரும் யுவதிகளும் சேர்ந்து ஒரு சிறு குழு அமைக்கட்டும். முதியவர் சொல்லும் இடத்துக்கு நேரில் சென்று, செல்பேசியில் இடத்தைக் குறித்து, அங்கே வழங்கும் பெயரையும், உபயோகத்தையும், பருவத்தையும், சொன்ன தேதியையும் எழுதட்டும். எழுதியதை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்துத் திருத்த வேண்டும். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். அடுத்த குப்பத்தோடு எல்லை சந்திக்கும் இடத்தில் இரு ஊராரும் கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். செல்பேசியை மட்டும் நம்பாமல், காகிதத்தில் ஒரு பிரதி ஊரிலும் ஒரு பிரதி பொன்னேரி நூலகத்திலும் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். முகத்துவாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

மீனவருக்காகப் பேசுகிறோம் என்று சொல்லும் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைப் பேச்சு விசாரணை நாளோடு முடிந்துவிடும். ஊர் ஒப்புக்கொண்ட படம் அதற்குப் பிறகும் வழக்கிலும் காரியாலயத்திலும் நின்று பேசும். அந்தப் படத்தை ஊராருக்காக நாம் எழுதித் தருவதல்ல நம் கடமை. அவர்கள் எழுதுவதற்குத் துணை நிற்பதே. வடகிழக்குப் பருவம் தொடங்கு முன் ஒரே ஒரு குப்பத்திலாவது இதை ஆரம்பிக்க வேண்டும். ஒத்திவைக்கப்பட்ட விசாரணை என்றைக்கு மறுபடியும் கூட்டப்பட்டாலும், "எந்த இடம்?" என்று கேட்கும் அதிகாரியின் மேஜைமேல் ஊரின் படம் விரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.