மேல் நாற்காலிகள் எத்தனை?

ஓர் அரசுக்கு மேல்மட்டத்தில் எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. அர்த்த சாஸ்திரத்தின் முதல் அதிகரணத்தில் கௌடில்யர் இதை ஒரு சபை விவாதம் போலவே வைக்கிறார். மந்திரி பரிஷத்துக்கு மனு மரபினர் பன்னிரண்டு பேர் என்கிறார்கள். பிருகஸ்பதி மரபினர் பதினாறு என்கிறார்கள். உசனஸ் மரபினர் இருபது வரை போகிறார்கள். எல்லோரையும் கேட்டுக்கொண்டு கௌடில்யர் தாம் எண்ணே சொல்லாமல், ஆகவேண்டிய காரியத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொள் என்று முடித்துவிடுகிறார். (ஹேமசந்திராசாரியர் தம் பரிசிஷ்டபர்வத்தில் சாணக்கியரின் தகப்பனாரை ஜைன சிராவகர் என்கிறார். அதனால் எங்கள் வீட்டில் சாணக்கியரைப் பற்றிப் பேசினால் உறவுக்காரரைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். அது வேறு கதை.)

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேவை எவ்வளவு என்பதை யார் அளப்பது? நாற்காலியில் உட்காரப் போகிறவரே அளந்தால் அளவு எப்படி வரும் என்பது வியாபாரிக்குத் தெரியும். தராசு யார் கையில் என்பதுதான் விஷயம்.

இதில் எனக்கு அக்கறை வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தில்லியில் பாத்திர வியாபாரம் செய்கிறவன் நான். பல வருஷங்களுக்கு முன் ஒரு மத்திய அலுவலகத்தில் என் கோப்பு ஒன்று மாதக் கணக்கில் கிடந்தது. முன்பெல்லாம் இரண்டு கையெழுத்தில் முடிகிற வேலை. அங்கே பிரிவு அதிகாரியாக இருந்தவர் கும்பகோணத்துப் பிள்ளை. "என்ன தம்பி இது, ஆள் கூடியிருக்கு, வேலை குறைஞ்சிருக்கே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஆள் எங்க நயினார் கூடியிருக்கு? மேலே ரெண்டு போஸ்ட் வந்துச்சு. அதுக்கு ஈடா கீழே ஆறு போஸ்ட்டை எடுத்துட்டாங்க. உங்க கோப்பைப் பார்க்க வேண்டிய ஆள் அந்த ஆறுல ஒருத்தர்" என்றார். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது. பிறகு விதிகளைத் தேடிப் படித்தபோது அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது.

மத்திய அரசின் குரூப் ஏ பணிகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கேடர் மறுஆய்வு என்று ஒன்று உண்டு. அந்தப் பணியைச் சேர்ந்த துறை கணக்குப் போட்டு அனுப்பும். பணியாளர் துறையும் செலவினத் துறையும் பார்க்கும். பிறகு கேபினட் செயலர் தலைமையிலான குழு, அதற்கும் மேலே மத்திய அமைச்சரவை. இந்தப் பாதையில் செலவினத் துறை கேட்கும் முதல் கேள்வி, மேலே கேட்கிற பதவிக்கு ஈடாகக் கீழே எதை விட்டுக்கொடுக்கிறாய் என்பதுதான். ஈடு சேமிப்பு என்று இதற்குப் பெயர். கஜானாவுக்கு நஷ்டமில்லை என்பது சரி. ஆனால் ஜன்னலில் மனு வாங்குகிறவரும் குறிப்பு எழுதுகிறவரும் கீழ்ப் படிகளில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு மறுஆய்விலும் மேலே ஒரு சுற்று பெருத்து, கீழே ஒரு சுற்று இளைத்தால் கட்டடம் தலைகீழாகாதா? பணம் சரியாக இருந்தால் வேலையும் சரியாக நடக்கும் என்று நினைப்பது, ஐந்தொகை பொருந்திவிட்டால் சரக்கு இருப்பும் சரியாக இருக்கும் என்று நினைப்பது போல.

ஏன் மேலே இடம் கேட்கிறார்கள்? வேலை கூடியதால் மட்டுமல்ல. ஒரே வருஷம் சேர்ந்தவர்கள் ஒன்றாக மேலே ஏறவேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் பெரிய காரணம். ஐ.ஏ.எஸ்ஸில் பதினாறு ஆண்டு ஆனால் சூப்பர் டைம் ஸ்கேல், இருபத்தைந்து ஆண்டு ஆனால் முதன்மைச் செயலர் நிலை, முப்பது ஆண்டு ஆனால் தலைமைச் செயலர் நிலை என்பது அவர்களுக்கு ஏற்பட்ட கணக்கு. இடமிருந்து, தகுதி பார்த்து என்ற நிபந்தனை உண்டுதான். ஆனாலும் ஆண்டு நிறைந்ததும் இடத்தைத் தேடுவார்கள், இல்லாவிட்டால் உண்டாக்குவார்கள். மற்ற குரூப் ஏ பணிகளுக்கு 2009 ஏப்ரலில் அரசு வேறொரு வழி செய்தது. ஒரு ஐ.ஏ.எஸ். பேட்ச் மத்தியில் ஒரு நிலைக்கு வந்தால், அதைவிட இரண்டு ஆண்டு மூத்த மற்றப் பணியினருக்கு அந்த நிலையின் சம்பளம் உண்டு, பதவி உயர வேண்டியதில்லை என்றது. இதைப் பலர் வீண் செலவு என்று திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் கூட்டிக் கொடுப்பதற்காக அவருக்கு ஒரு புதுக் கடை திறந்து கொடுக்க வேண்டுமா என்ன? சம்பளத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலியைக் கூட்டாமல் இருப்பது மலிவு.

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூத்த நிர்வாகிகளுக்கென்று தனிப் பணி ஏற்படுத்தினார்கள். ஒவ்வோர் இரட்டைப்படை ஆண்டிலும் ஒவ்வொரு நிறுவனமும் அடுத்து வரும் இரண்டு நிதியாண்டுகளுக்கு எத்தனை இடம் வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கேட்கவேண்டும். ஒதுக்குவது அவர்களுடைய பணியாளர் நிர்வாக அலுவலகம். அரசியல் வழி வருகிறவர்கள் அரசு முழுமைக்கும் உள்ள இடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தராசைக் கேட்பவரிடம் கொடுக்காமல் மூன்றாமவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நம் ஐ.ஏ.எஸ். கணக்குக்கு வருகிறேன். 1954ஆம் ஆண்டு கேடர் விதிகளின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை பேர் என்பதை மாநிலத்தைக் கலந்துகொண்டு மத்திய அரசு நிர்ணயிக்கிறது. முதலில் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்று இருந்தது, 1995இல் ஐந்தாண்டு ஆயிற்று. இதில் அடிப்படை, மாநிலத்தின் மூத்த பணிப் பதவிகள். தலைமைச் செயலரிலிருந்து மாவட்ட ஆட்சியர் வரை ஒவ்வொரு பதவியும் பட்டியலில் பெயரோடு இருக்கும். அவை நூறு என்று வைத்துக்கொள்வோம். மத்திய அயற்பணிக்கு அதில் 40 விழுக்காடு வரை சேர்க்கலாம். மாநிலத்துக்குள் வாரியம், கழகம் போன்ற இடங்களுக்கு 25. பயிற்சிக்கு மூன்றரை. விடுப்புக்கும் இளநிலைப் பதவிகளுக்கும் பதினாறரை. கூட்டினால் 185. நூறு நாற்காலிக்கு நூற்று எண்பத்தைந்து பேர். விடுப்பு இருப்பைத் தவிர்த்த 168.5இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 56 இடம், மாநிலப் பணியிலிருந்து உயர்ந்து வருகிறவர்களுக்கு. மீதி 129 தேர்வெழுதி நேரே வருகிறவர்களுக்கு. ஆக, பட்டியலில் ஒரே ஒரு பதவி கூடினால் ஏறத்தாழ இரண்டு அதிகாரிகள் கூடுகிறார்கள். பட்டியலில் ஒரு வரி சேர்க்க இத்தனை இழுபறி ஏன் என்பது இதில் விளங்கும்.

ஆனால் எந்தப் பட்டியலுக்கும் வெளியே ஒரு வாசல் உண்டு. பட்டியலில் இல்லாத பதவியை மாநிலமே உண்டாக்கி அதிலே ஓர் அதிகாரியை உட்கார வைக்கலாம். அந்த வாசலுக்குப் பூட்டு உண்டா என்று உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்கு.

இ.பி. ராயப்பா 1969 நவம்பரில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலர் பொறுப்புக்கு வந்தவர். 1971 ஏப்ரலில் அவரை மாநிலத் திட்டக்குழுத் துணைத் தலைவராக மாற்றினார்கள். தலைமைச் செயலர் தரத்திலேயே புதிதாக உண்டாக்கிய தற்காலிகப் பதவி. அவர் போய்ச் சேரவில்லை, விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது, 1972 ஜூனில், இன்னொரு பதவி காத்திருந்தது. விற்பனை வரிச் சட்டங்களைச் சீர்செய்யும் தனி அலுவலர். அதுவும் தலைமைச் செயலர் தரம்தான். அங்கும் சேராமல் நேரே உச்ச நீதிமன்றம் போனார். சம்பளம் அதே சம்பளம், தரமும் அதே தரம், பிறகு என்ன குறை என்று கேட்கலாம். குறை இருக்கிறது. தலைமைச் செயலர் கையில் மொத்த அரசு எந்திரமும் இருக்கிறது. தனி அலுவலர் கையில் ஒரு கட்டுக் காகிதம். (அந்தக் காகிதக் கட்டு அவசியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1959ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டத்தோடு மல்லுக்கட்டிய எந்த வியாபாரியும் சொல்லமாட்டான்.)

1973 நவம்பர் 23 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மனு தள்ளுபடி. கெட்ட எண்ணத்தோடு மாற்றினார்கள் என்பதற்குச் சந்தேகம் மட்டும் போதாது, நிரூபணம் வேண்டும் என்றார்கள். ராயப்பா தோற்றார். ஆனால் அவர் தோற்ற தீர்ப்பைத்தான் இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். தன்னிச்சையும் சமத்துவமும் ஒன்றாக இருக்க முடியாது என்ற கருத்தை நீதிபதி பகவதி அதில்தான் வைத்தார். எல்லோரும் அந்தப் பகுதியை எடுத்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பகுதி. ஊதிய விதிகளில் 9ஆவது விதி என்று ஒன்று இருந்தது. பட்டியலில் இல்லாத பதவியில் ஐ.ஏ.எஸ். அதிகாரியை நியமிக்கவேண்டுமானால், அது பட்டியலில் உள்ள இன்ன பதவிக்கு அந்தஸ்திலும் பொறுப்பிலும் சமம் என்று அரசு அறிவிக்கவேண்டும். இந்த அறிவிப்பு வெறும் சடங்கல்ல, அந்தப் பதவியின் கடமை என்ன, பொறுப்பு என்ன என்று மனதைச் செலுத்திப் பார்த்துச் செய்யவேண்டிய காரியம் என்றார் பகவதி. சம்பளம் சமம் என்பதால் பதவி சமம் ஆகிவிடாது. அப்படி விட்டால் பிடிக்காத அதிகாரியைப் பெரிய பலகை மாட்டிய வெற்று அறைக்கு அனுப்பிவிடலாம்.

புதுப் பதவி என்றால் அது எப்போதும் ஒருவருக்குச் செய்யும் சலுகை என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வழக்கைப் படித்த பிறகுதான், அது தண்டனையாகவும் இருக்க முடியும் என்று தெரிந்தது. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே வரிதான்: ஒரு பதவி கூடியது.

பிற்பாடு 2013 அக்டோபர் 31இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன். நம்மூர்க்காரர், உத்தரப்பிரதேச கேடரில் பணி செய்து கேபினட் செயலர் வரை போனவர். அதையொட்டி 2014இல் கேடர் விதிகளைத் திருத்தி, கேடர் பதவியில் அமர்ந்தவரைச் சாதாரணமாக இரண்டு ஆண்டாவது விட்டுவைக்கவேண்டும் என்றார்கள். திருத்தம் பேசுவது கேடர் பதவியைப் பற்றி. பட்டியலுக்கு வெளியே உண்டாக்கிய நாற்காலிக்கு அந்த நிழல் கிடையாது. ஆகவே மாநிலத்தில் மேல் பதவி மொத்தம் எத்தனை என்பதோடு, அதில் எத்தனை பட்டியலுக்குள், எத்தனை வெளியே என்பதையும் கேட்கவேண்டும். முதல் எண்ணைப் பேசுகிறவர்கள் இரண்டாவதைக் கேட்பதில்லை.

இத்தனை பதவி, இத்தனை விதி இருந்தும் ஆள் இருக்கிறார்களா? 2022 ஜனவரி 1 நிலவரப்படி நாடு முழுவதும் அனுமதித்த ஐ.ஏ.எஸ். எண்ணிக்கை 6,789, பணியில் இருந்தவர்கள் 5,317. குறை 1,472. இதில் முதலில் அடிபட்டது மத்திய அயற்பணிப் பங்குதான். அந்த இருப்பில் மத்தியில் உண்மையாக வேலை பார்த்தவர்கள் 2011இல் 25 விழுக்காடாக இருந்து 2021இல் 18 ஆக இறங்கினார்கள். ஆள் இல்லாத மாநிலம் ஆள் அனுப்புமா? 2022 தொடக்கத்தில் கேடர் விதிகளில் 6ஆவது விதியைத் திருத்தி, மாநிலம் சம்மதிக்காவிட்டாலும் அதிகாரியை எடுத்துக்கொள்ள மத்திய அரசு ஒரு யோசனை வைத்தது. தமிழ்நாடு, மேற்கு வங்காளம், கேரளம் முதலிய மாநிலங்கள் எதிர்த்தன. கூட்டாட்சிச் சண்டையாகத்தான் அது பத்திரிகைகளில் வந்தது. அடியிலே இருந்தது பழைய ஆள்கணக்கு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆண்டுக்கு எடுத்த ஆட்கள் அறுபதை ஒட்டி இறங்கியிருந்தார்கள். அந்தச் சிறிய பேட்சுகள்தான் 2010களில் மேல் நாற்காலிகளுக்கு வரவேண்டியவை.

2012ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து ஆண்டுக்கு 180 பேர் என்று கூட்டினார்கள். அந்தத் தேர்வில் வந்தது 2013 பேட்ச். 2029இல் அவர்களுக்குப் பதினாறு ஆண்டு நிறைகிறது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் இன்னொரு பெரிய கூட்டம் அதே படிக்கு வந்து நிற்கும். அறுபது பேருக்குப் போதுமாக இருந்த இடத்தில் நூற்றெண்பது பேர். அப்போது வருகிற கேடர் மறுஆய்வுக் குறிப்புகளை யாராவது எனக்கு வாங்கிக் கொடுத்தால் படிக்கக் காத்திருக்கிறேன். கீழே எந்த ஆறு பதவிகளை எடுக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.