தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள்: மாற்றியமைத்த மீன்தொட்டியை மீட்பது எப்படி?

பண்டாரவளையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. ஐந்து வருடமாக ஒரே கோலத்தில் பார்த்து அலுத்துப்போனதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்களை வாளியில் விட்டுவிட்டு அதை முழுவதுமாகக் கலைத்தேன். பழைய சரளைக்கல்லை வெளியே கொட்டினேன். புது ஆற்றுமணல் பரப்பி, இரண்டு கருங்கற்களை வைத்தேன். பில்டரின் பஞ்சு கறுத்துச் சேறாகக் கிடந்தது. அதையும் குழாயின் கீழ் பிடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்தேன். அன்று மாலை தொட்டி கடையில் வைத்த காட்சிப்பொருள் போல இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் முடிவில் பதினான்கில் ஒன்பது செத்துவிட்டன. தண்ணீர் அப்போதும் பளிங்குபோலத்தான் இருந்தது.

நான் கழுவி ஊற்றிய அந்தக் கறுப்புச் சேறுதான் தொட்டியின் உயிர். பாடசாலையில் நைதரசன் வட்டம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகும் இலையும் அமோனியாவாக மாறுகின்றன. ஒருவகைப் பற்றீரியா அந்த அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொருவகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் சிறிதளவிலேயே மீனுக்கு நஞ்சு. அமோனியா செவுளை அரிக்கும். நைத்திரைற்று இரத்தத்துக்குள் புகுந்து, ஒட்சிசனைச் சுமக்கும் தன்மையையே கெடுத்துவிடும். தண்ணீரில் ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். மூன்றாவதான நைத்திரேற்றை மீன் ஓரளவுக்குத் தாங்கும், செடிக்கு அதுவே பசளை.

இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. பெரும்பாலும் பஞ்சிலும் சரளையிலும் ஒட்டி வாழ்பவை. சரளையை நான் கொட்டிவிட்டேன். பஞ்சில் இருந்தவற்றைப் பிழிந்து கழுவி, எஞ்சியவற்றையும் குழாய்நீரின் குளோரினில் நனைத்தேன். ஐந்து வருடத் தொட்டி ஒரே பகலில் புதுத் தொட்டியாகிவிட்டது, ஆனால் மீன்களின் எண்ணிக்கை மட்டும் பழையபடியே இருந்தது. புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக் கூட்டம் வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். ஹீற்றர் இல்லாத தொட்டியின் வெப்பநிலை இரவில் 20 பாகைக்குக் கீழே போய்விடும். குளிரில் பற்றீரியாவும் சோம்பிவிடும், ஆகவே இங்கே இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

இதை எழுதத் தூண்டியது என் தொட்டி அல்ல. கிளிநொச்சியில் இருக்கும் அக்காவின் மகன் எடுத்த தொலைபேசி அழைப்பு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன பல குடும்பங்களில் எங்கள் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. அவனும் விடுமுறையில் தொட்டியைக் கலைத்துக் கழுவியிருக்கிறான். மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கிவிட்டன. செத்ததை எடுத்துப் போடச் சொன்னால் அக்காவால் முடியாதாம். "அம்மா அந்த அறைக்கே வாறா இல்லை மாமா" என்றான். அக்கா 2009 மே வரை எங்கே இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். மேலே எதுவும் கேட்கவில்லை.

அவனுக்கு நான் முதலில் சொன்ன ஆலோசனைகளில் பாதி பிழை. காரணம், அவன் தண்ணீரும் என் தண்ணீரும் ஒன்றல்ல.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியின் ஒரு பகுதியிலும் கிணற்றுநீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த வன்னீர். அதன் பி.எச். பெரும்பாலும் 7.5க்கு மேலே இருக்கும். மலைநாட்டு ஊற்றுநீர் அனேக இடங்களில் கருங்கல் வகைப் பாறைகளில் இருந்து வருவதால் மென்மையானது, பி.எச். 7 அளவில் அல்லது அதற்குக் கீழே நிற்கும். (ஊவாவிலும் எல்லா இடமும் அப்படியல்ல. பதுளை, வெலிமடைப் பக்கம் பளிங்குப் பாறைகள் இருப்பதால் சில கிணறுகள் வன்னீர் தரும். கேத்தலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.)

மீனுக்கு இது உயிர்போகும் வித்தியாசம். பி.எச். 7இல் அமோனியாவின் மிகப் பெரும்பகுதி அமோனியம் அயனாக, நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். பி.எச். 8இல் அதே அளவு அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் கூடும். ஆகவே என் தொட்டியில் மீன் இரண்டு நாள் தாங்கும் அமோனியாவை, கிளிநொச்சி வெயிலில் அவனுடைய மீன் சில மணித்தியாலங்கூடத் தாங்காமல் போகலாம். மலையகத்தவர்களுக்கு ஆபத்து வேறு திசையில் வரும். நைத்திரைற்று, நைத்திரேற்று உருவாகும்போது தண்ணீரின் காரத்தன்மை செலவாகிறது. மென்னீரில் அது ஏற்கெனவே குறைவு. அது தீர்ந்ததும் பி.எச். சரியும், 6க்குக் கீழே போனால் பற்றீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். பில்டருக்குள் ஒரு பிடி மட்டி ஓட்டைக் கழுவிப் போட்டால் அது மெதுவாகக் கரைந்து ஈடுசெய்யும். அந்த ஓடு எனக்கு அக்காவிடம் இருந்துதான் வந்தது.

குடாநாட்டு வாசகர்களுக்கு இன்னொரு விடயம். வலிகாமம் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் வந்த செய்தி. யூரியாவும் மலகூடக் குழிகளும் காரணம். அங்கே நைத்திரேற்றைக் குறைக்கத் தண்ணீர் மாற்றினால், புதிதாக ஊற்றும் தண்ணீரே நைத்திரேற்றோடு வரும். ஊற்றுவதற்கு முன் கிணற்றுநீரையும் ஒருதடவை சோதித்துப் பாருங்கள். சோதித்த பின் அதைக் குடிப்பதைப் பற்றியும் யோசிப்பீர்கள்.

இனி, கெட்டுப்போன தொட்டியை மீட்பது. இணையத்தில் தேடினால் தினமும் பாதித் தண்ணீரை மாற்று என்பார்கள். பண்டாரவளையில் இருந்துகொண்டு அதைப் படித்தால் சிரிப்பு வரும். 2014 டிசம்பரில் உமா ஓயா திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்ட பிறகு, இந்தப் பிரதேசத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, பவுசரை எதிர்பார்த்து மக்கள் குடத்தோடு நின்றார்கள். 2017 ஜூன் 28இல் நகரமே வீதிக்கு இறங்கியது. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி வந்து மின்நிலையத்தைத் திறந்துவைத்தார். தண்ணீரை வாளிக்கணக்கில் எண்ணிச் செலவழிக்கும் பழக்கம் இங்கே அப்படி ஊறியது.

எனவே நான் செய்தது இது. உணவை நிறுத்தினேன். ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது, ஆனால் போட்ட உணவு அமோனியாவாகும். காற்றுப் பம்பை இரவும் பகலும் ஓடவிட்டேன். சோதனைத் திரவத்தில் அமோனியா லீற்றருக்கு 0.5 மில்லிகிராமைத் தொட்ட நாட்களில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வாளி, 15 லீற்றர் மாற்றினேன். குழாய்நீரை முதல்நாளே வாயகன்ற வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் விற்கும் சோடியம் தயோசல்பேற்று சில துளி போதும். (வடக்கில் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்கு குளோரின் போட்ட வாரத்தில் இதை மறந்துவிடாதீர்கள்.) இரண்டாம் வாரம் நைத்திரைற்று ஏறியபோது 10 லீற்றருக்கு 1 கிராம் கறியுப்பு கரைத்தேன். உப்பின் குளோரைட்டு, நைத்திரைற்று செவுளின் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். வெளியே எடுத்த தண்ணீர் மிளகாய்க் கன்றுகளுக்குப் போனது.

எல்லாவற்றிலும் பலன் தந்தது நண்பர் ஒருவருடைய பழைய தொட்டியின் பஞ்சைப் பிழிந்த அரைக் கோப்பைச் சேறு. அதை என் பில்டருக்குள் ஊற்றினேன். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரித்தான். அவரது மீன்களுக்கு நோய் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்ததால் செய்தேன். கடைத் தொட்டியில் இருந்து எடுக்கமாட்டேன்.

அடுத்தது செடி. தொட்டி குணமாகும் காலத்தில் அழகான செடியைத் தேடுவது தவறு, வேகமாக வளரும் செடிதான் வேண்டும். செடிகள் அமோனியாவை நேரடியாகவே உறிஞ்சுகின்றன. நீர்த்தாவரங்கள் பல நைத்திரேற்றை விட அமோனியத்தையே முதலில் எடுக்கும் என்பதை அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். பற்றீரியா வளர்ந்துவரும்வரை அந்த வேலையைச் செடி பார்த்துக்கொள்ளும். தண்ணீர் மாற்றும் தேவையும் குறையும்.

ஒளித்தொகுப்புப் பரிசோதனைக்குப் புனலின் கீழ் வைத்தோமே, அந்த ஐதரில்லா இதற்கு நல்ல தேர்வு. வேரே இல்லாமல் மிதந்து வளரும் செரற்றோபில்லம் அதைவிட இலகு. இரண்டுமே இலங்கை நீர்நிலைகளில் இயல்பாக உள்ளவை, வன்னீர், மென்னீர் இரண்டையும் தாங்கும். கிளிநொச்சிக்கு இவற்றோடு வலிஸ்நேரியாவையும் சொன்னேன், அதற்கு வன்னீர் பிடிக்கும். ஆனால் மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் வாய்க்காலில் அள்ளாதீர்கள். வெலிமடைப் பக்க உருளைக்கிழங்கு வயல்களில் தெளிக்கும் மருந்து செடியோடு தொட்டிக்குள் வந்துவிடும். எங்கே எடுத்தாலும் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துத் தண்ணீரை மாற்றிய பிறகே தொட்டிக்குள் விட வேண்டும். தும்பியின் குடம்பி ஒன்று ஒளிந்து வந்தாலும் சிறு மீன்களைத் தின்றுவிடும். தேயிலை மலையில் மண் எடுத்து மணலுக்குக் கீழே பரப்பலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. யூரியாவும் களைகொல்லியும் ஊறிய மண் அது. வேண்டாம்.

அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வந்த பிறகு மெதுவாக வளரும் செடிகளை வைக்கலாம். உலகம் முழுவதும் மீன்தொட்டிக்காரர்கள் வாங்கும் கிரிப்டோகொரைன் செடிகளில் பல, இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்பவை என்பது இங்கே பலருக்குத் தெரியாது. வென்டியை, பெக்கெட்டியை, வால்கெரி, மிகச் சிறியதான பார்வா எல்லாம் இந்தத் தீவின் ஓடைகளுக்குரியவை. சிங்களத்தில் அதி உடயன் என்பார்கள். ஒன்றின் பெயர் துவைட்ஸி, 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸின் நினைவாக வைத்தது. மங்கலான வெளிச்சம் போதும், உரம் அதிகம் கேட்காது, பண்டாரவளைக் குளிரும் வென்டியைக்குப் பிரச்சினை இல்லை. இவற்றுள் பல காட்டில் அருகிவருகின்றன. ஓடையில் பிடுங்காமல், நாற்றுமேடையில் வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். கழித்த செடியை ஓடையில் எறியவும் வேண்டாம். 1939இல் தாவரவியல் கற்கைக்காகக் கொழும்புக்கு வந்த சல்வீனியா, நாட்டின் வயல்களையும் குளங்களையும் மூடியது.

கிரிப்டோகொரைனுக்கு ஒரு குணம் உண்டு. இடம் மாறினால், தண்ணீர் மாறினால், சில நாளில் இலைகள் எல்லாம் கூழாகக் கரைந்துவிடும். புதியவர்கள் செத்துவிட்டது என்று பிடுங்கிவிடுவார்கள். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடுதான் இருக்கும். கரைந்த இலைகளை மட்டும் அகற்ற வேண்டும், விட்டால் அதுவும் அமோனியாதான்.

ஈரப் பத்திரிகையில் சுற்றி நான்கு வென்டியைக் கன்றுகளை மருமகனுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். ஆறாம் நாள் அழைத்தான். "மாமா, எல்லாம் அழுகிட்டுது. எறியட்டோ?" எறியாதே, மணலைக் கிண்டாதே என்றேன். மூன்றாவது வாரம் ஒரு படம் வந்தது. கபில நிறத்தில், நகத்தளவில், மணலுக்கு மேலே ஓர் இலை. படத்தை எடுத்தது அக்கா என்றான். இப்போது எத்தனை மீன் விடலாம் என்று கேட்டான்.

இரண்டு. பிறகு ஒரு வாரம் பொறுத்து அமோனியாவைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு.