ஒலிரேகையும் உரிமையும்

இணையத்தில் பதிவேற்றப்படும் காணொளிகளில் பிறர் படைப்புகள் கலந்துள்ளனவா என்பதைக் கண்டறிய, யூடியூப் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு ‘கன்டென்ட் ஐடி’ என்னும் முறைமையை அறிமுகப்படுத்தியது. இதற்கு உரிமையாளர் தம் மூலப்பதிவை முன்கூட்டியே அளித்தல் வேண்டும். அதன் ஒலி, காட்சிக் கூறுகளிலிருந்து கைரேகை போன்றதோர் எண்வடிவ அடையாளம் உருவாக்கப்பட்டுத் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. புதிய பதிவேற்றங்கள் அவ்வடையாளங்களுடன் ஒப்பிடப்படுகின்றன. பொருத்தம் காணப்படின், அக்காணொளியைத் தடுத்தல், அதன் விளம்பர வருவாயைப் பெறுதல், பார்வை விவரங்களைக் கண்காணித்தல் ஆகிய மூன்றனுள் ஒன்றை உரிமையாளர் தேர்ந்துகொள்ளலாம்.

எனினும், ஒப்புமையைக் கண்டறிதல் வேறு. உரிமைமீறலைத் தீர்மானித்தல் வேறு. 2018-இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ், பாக்கின் இசையைத் தாமே வாசித்து, இத்தகைய சோதனை நிகழும் முகநூலில் வெளியிட்டார். அதில் 47 விநாடிகள் சோனி மியூசிக் நிறுவனத்திற்குரியவை எனக் கூறி, அவ்வொலி முடக்கப்பட்டது. பாக் மறைந்ததோ 1750-இல். அவர்தம் இசையமைப்பு பொதுவுடைமை. ஒலிப்பதிவு ஒன்றே தனியுரிமைக்குரியது. இவ்வேறுபாட்டைப் பொறி உணரவில்லை. திறனாய்வுக்காகவும் கற்பித்தலுக்காகவும் எடுத்தாளும் நோக்கத்தையும் அது அறியாது.

எனவே, பொறியின் கண்டுபிடிப்பைச் சான்றாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ளுதல் தகாது. தீர்ப்பு மனிதரின் பொறுப்பேயாகும்.