பொறிவண்டுகள் வயலில் நிலைத்திருக்க வேண்டுவன

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் மரவள்ளி பயிரிடும் குடியானவர்கள் மாவுப்பூச்சியின் உபத்திரவத்தை நன்கறிவர். 2008-ம் வருஷத்தில் கோயமுத்தூர்ப் பக்கம் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சியும், 2020-ல் கேரளத்தில் காணப்பட்டு இவ்விடங்களுக்குப் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சியும் அந்நிய தேசத்தவை. முன்னதை அடக்க 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்தும், பின்னதை அடக்க 2021-ல் ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் தேசத்திலிருந்தும் சிறு குளவியினங்கள் தருவிக்கப்பட்டன. இவற்றுள் பிந்தியது 2022 மார்ச்சு மாதம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியில் விடப்பட்டது. அக்குளவிகள் செய்த வேலை பெரிது. ஆயினும், அவற்றோடு கூட வயலில் கூலியின்றி உழைக்கும் ஜந்து பொறிவண்டு; அதையோ பயிரிடுவோரே அறியாமல் மாய்த்துவிடுகின்றனர்.

இதற்குக் காரணம் அதன் இளம்பருவத்தின் தோற்றமே. காப்பித் தோட்டப் பூச்சிகளை ஒழிக்க 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பொறிவண்டினம் ஒன்று மாவுப்பூச்சியை விரும்பித் தின்னும். அதன் புழுவின் உடலை வெண்மெழுகு இழைகள் மூடியிருப்பதால், அது பெரியதொரு மாவுப்பூச்சி போலவே காணப்படும். மாவுப்பூச்சி கூட்டமாய் ஓரிடத்தில் அப்பிக்கிடக்கும். புழுவோ உருவில் பெரிதாய், இழைகள் நீண்டு, கூட்டத்தினூடே சுறுசுறுப்பாய் ஊர்ந்து திரியும். நுனிக்கொத்தைச் சிறிது பொழுது நின்று பார்ப்பவருக்கு இந்த பேதம் விளங்காமற் போகாது. பாராமல் மருந்தடிப்பவர் பகைவனோடு காவற்காரனையும் கொல்கிறார்.

அசுவினியைத் தின்னும் உள்நாட்டுப் பொறிவண்டுகள் இலையின் அடியில் மஞ்சள் நிற முட்டைகளைக் கொத்தாக இடும். மூன்று நான்கு நாட்களில் வெளிவரும் கறுத்த புழு, வண்டினும் அதிகமாகவே அசுவினியைத் தின்று தீர்க்கக்கூடும். ஆனால் இரையில்லாத வயலில் தாய்வண்டு முட்டையிடாது. ஆகையால் அசுவினி ஒன்றிரண்டைக் கண்டவுடன் அடியோடு ஒழிக்க முற்படுவது, பொறிவண்டைப் பட்டினி போட்டு அடுத்த ஊருக்கு அனுப்புவதேயாகும். மரவள்ளி வயலின் ஓரங்களில் தட்டைப்பயறு விதைத்தால், அதன்மேல் வரும் கறுப்பு அசுவினி மரவள்ளியைக் கெடுக்காது, வண்டுகளுக்கு இரையாகும். நிலக்கடலை வயலுக்கு இம்முறை ஒவ்வாது; அந்த அசுவினியே கடலையையும் பிடிக்கும். அங்கே வரப்போரம் சோளம் விதைப்பது மேல்.

இரை குறைந்த காலத்தில் வண்டு மகரந்தத்தையும் பூந்தேனையும் உண்டு உயிர் பிழைக்கும். சோளக்கதிரும், பூக்கும் கொத்தமல்லியும் அதற்கு உதவும். கோடை வெயிலில் ஒதுங்கப் புற்பூண்டும் உலர்ந்த சருகும் வேண்டும். வரப்பையும் வேலியோரத்தையும் மொட்டையாகச் செதுக்கித் தீயிடும் வழக்கம் இவ்விடங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பாதி வரப்பையாவது ஒரு பருவம் விட்டுவைக்கலாம். ஏரிக்கரை, புறம்போக்குப் புற்களைக் கொளுத்துவதைத் தடுப்பதில் கிராம உத்தியோகஸ்தர்கள் கவனம் செலுத்துதல் நன்று.

எறும்புகளையும் மறத்தலாகாது. மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீரை நாடி வரும் எறும்புகள், அவற்றைக் காத்துப் பொறிவண்டின் புழுவைத் துரத்திவிடும். செடியில் எறும்புச்சாரி ஏறினால் அருகிலுள்ள புற்றைக் கொத்திக் கலைத்தல் வேண்டும். மருந்து தவிர்க்கமுடியாதாயின், வயல் முழுவதும் விசிறாமல், பூச்சி மிகுந்த செடிகளுக்கு மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிப்பதால் வண்டுக்குத் தீங்கு குறையும்.

பொறிவண்டு எனும் பெயருடையவை எல்லாம் நண்பரல்ல. கத்தரியில் இலையின் பச்சையத்தைச் சுரண்டிச் சல்லடையாக்கும் இனம் ஒன்றுண்டு. அதன் முதுகு மினுமினுப்பின்றி மங்கி, நுண்மயிர் படர்ந்திருக்கும். புழு மஞ்சளாய், கிளைத்த முட்களுடையதாயிருக்கும். அதை மட்டும் முட்டையும் புழுவுமாகக் கையாற் பொறுக்கி அழித்துவிடலாம்.