காலுக்குக் கீழே இருக்கிற மணலுக்கு வயசு என்ன தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போகிறோம். சுண்டல், மிளகாய் பஜ்ஜி, குடை ராட்டினம், பலூன் சுடுவது, அடம்பிடித்தால் ஒரு சுற்று குதிரைச் சவாரி. பஸ்ஸை விட்டு இறங்கி அலையைத் தொடுவதற்குள் "இன்னும் எவ்ளோ தூரம்ப்பா?" என்று சின்னது சிணுங்கும். அது சிணுங்கிக்கொண்டே நடக்கிற அந்த மணலில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது, தெரியுமா?

1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். நம் கரையோரம் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் மேலே போக வழியில்லாமல் தெற்குப் பக்கம் குவிந்தது. குவிந்து குவிந்து மெரினா ஆனது! அந்தப் பக்கம் ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளில் வரவேண்டிய மணல் வராமல் கடல் நிலத்தைத் தின்றது. இங்கே நிலம் சேர்ந்தது, அங்கே பறிபோனது. இந்தக் கரையைப் பார்த்து மயங்கிய ஆளுநர் கிராண்ட் டஃப், 1880களில் நடைபாதை போட்டு, சிசிலியில் பார்த்த கடற்கரையின் நினைவாக மெரினா என்று பெயர் வைத்தார். 'உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததை மட்டும் மறந்துவிடுங்கள். அதைவிட நீளமானவை உலகத்தில் எத்தனையோ. துறைமுகம் கட்டப்போய்க் கடற்கரை கிடைத்த கதை போதாதா?

ஈர மணலும் காய்ந்த மணலும் சேருகிற இடத்தில் ஒரு ஐந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் உட்காருங்கள். கட்டைவிரல் நுழைகிற அளவு ஒரு வளை. முதலில் குச்சி மேல் வைத்த மிளகு மாதிரி இரண்டு கண்கள் எட்டிப் பார்க்கும். அப்புறம் நண்டு வரும், கைநிறைய மணலோடு! அதை வாசலில் வீசி எறியும், நின்று நம்மைப் பார்க்கும், உள்ளே போகும். மறுபடி ஒரு கை மணல். எங்கள் வீட்டு வாண்டு செல்போனை மறந்து அரைமணி நேரம் இருந்தது அந்த வளை முன்னால்தான். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மெரினாவில் குளியல் வேண்டாம். மேலே சாதுவாகத் தெரிகிற அலை அடியில் இழுக்கும் இழுவையில் நீச்சல் தெரிந்தவர்களே திரும்பவில்லை.

அப்படியே திரும்பினால் சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம். லிஃப்டில் ஏறிப் பார்க்கிற கலங்கரை விளக்கம் நாட்டிலேயே அபூர்வம், அது நம் ஊரில்! 1977இல் எரியத் தொடங்கிய இது சென்னையின் நாலாவது விளக்கு. முதலாவது 1796இல் கோட்டைக்குள் எண்ணெயில் எரிந்தது. இரண்டாவது ஒரு கல்தூண். மூன்றாவது எங்கே என்று பிள்ளைகளைக் கேளுங்கள். உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில்! கீழே வழக்கு, மேலே விளக்கு. அதே நீதிமன்றச் சுவரில்தான் 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதற்கு நினைவுக்கல் இருக்கிறது. 'அவன் பெரிய எம்டன்' என்று தாத்தா திட்டுவாரே, அந்த எம்டன்!

கலங்கரை விளக்கத்திலிருந்து வடக்கே நடந்தால் வட்டமாக ஒரு கட்டடம், விவேகானந்தர் இல்லம். இதன் பழைய பெயர்தான் ஐஸ் ஹவுஸ். சும்மா பெயரில்லை சார், நிஜமாகவே ஐஸ் வைத்த வீடு! 1842இல் கட்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றினார் ஃபிரடெரிக் டியூடர் என்கிற வியாபாரி. சூயஸ் கால்வாய் அப்போது கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்டி, மாதக்கணக்கில் கடலில் கிடந்து, இந்த வெயிலில் மெட்ராஸ் வந்து இறங்கியது ஐஸ்! உருகியது போக மிச்சம் இருந்ததை வைத்தே ஆள் லாபம் பார்த்தார். பிற்பாடு ஐஸை இயந்திரத்திலேயே செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் தங்கினார், பின்னாளில் கட்டடத்தின் பெயரும் மாறியது. ஆனால் பஸ் கண்டக்டருக்கு இன்னமும் அது ஐஸ் ஹவுஸ்தான். கையில் குச்சி ஐஸோடு நிற்கிற பிள்ளையிடம் அந்த வாசலில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், ஐஸ் உருகி முழங்கை வரை வழியும்.

காலேஜில் சேராமலே இரண்டு காலேஜ் பார்த்தவர்கள் பழைய மெட்ராஸ்காரர்கள், தெரியுமா? எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ், மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ்! 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் தலைவர் பால்ஃபோர், 1855இல் அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்துப் பார்த்தார். கூட்டம் அம்மியது. அதுதான் பிறகு பார்க் டவுனுக்குப் போய், 1985இல் வண்டலூர்க் காட்டில் குடியேறியது. இன்றைக்கும் செத்த காலேஜில் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே நின்றுவிட்டு ஓடிவராத பிள்ளை கிடையாது.

சரி, ராத்திரி விழித்திருக்கத் தெம்பு உண்டா? ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரைகளில் ஆமை ஏறும். மீனவர்கள் சொல்கிற பெயர் பங்குனி ஆமை. 1988 முதல் ஒரு மாணவர் குழு ராத்திரியெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றுகிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல், பிங்பாங் பந்து மாதிரி. இட்டு முடித்ததும் தாய் ஆமை உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி 'தொம் தொம்' என்று மணலை இடித்து மூடும். அந்தச் சத்தம் கேட்டவர்கள் பாக்கியசாலிகள்! ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சு பொரியும். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு! மணல் சூடானால் பெண், குளிர்ந்தால் ஆண். குஞ்சு வெளிச்சத்தைத் தேடி ஓடும். ஒரு காலத்தில் அது கடல், இப்போது தெருவிளக்கு. அதனால்தான் கூட நின்று வழிகாட்ட ஆள் வேண்டியிருக்கிறது.

முதலைக்கும் இதே கதைதான், முட்டை இருக்கும் சூட்டைப் பொறுத்தே ஆண், பெண். ஈ.சி.ஆரில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனால் கேளுங்கள். ராமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கியது. அங்கேயே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலிலிருந்தும் விஷம் எடுப்பதைப் பார்க்கலாம். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்து இந்த விஷத்திலிருந்து வருகிறது.

இன்னும் கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரம். சரிவில் உருளாமல் நிற்கிற சுமார் 250 டன் பாறை, பெயர் வெண்ணெய்ப் பந்து! பெரியவர்கள் அதைத் தாங்கிப்பிடிக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் பக்கத்துப் பாறையில் 'சர்ர்ர்' என்று சறுக்கிக்கொண்டிருப்பார்கள். எத்தனையோ தலைமுறைப் பின்புறங்கள் தேய்த்து வழவழப்பாக்கிய பாறை. மாற்று டிரவுசர் ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும். நாங்கள் கொண்டுபோகவில்லை. வீடு திரும்புகிற வரை வாண்டு இடுப்பில் என் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தது.