ஐந்தாவது தந்தியை முதலில் பாருங்கள்!

"அம்மா, எனக்கு அஞ்சு தந்தி பேஸ் கிட்டார் வேணும்."

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என்னிடம் பெரியவள் வந்து இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்லூரி மெல்லிசைக் குழுவில் அவள் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். குழுவின் கிட்டாருக்கு நாலு தந்தி.

"ஏண்டி, நாலு போதாதா? நாளைக்கு ஆறு கேட்பியா?" என்றேன்.

"ஆறு தந்தியும் இருக்கும்மா" என்றாள் அமைதியாக!

ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு அண்ணி அந்தத் தடி வாத்தியம்? வீணை கத்துக்கட்டுமே" என்றாள். வீணைக்கு ஏழு தந்தி இருக்கிறது; ஏன் ஏழு என்று நாம் யாரும் கேட்டதில்லை. பழகிய வாத்தியம் என்றால் கேள்வி வராது, புதுசு என்றால் ஆயிரம் கேள்வி. அந்த ஆயிரம் கேள்விகளையும் அன்றே கேட்டிருந்தால் எனக்குப் பதினோராயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதைக் கேட்கும் நாள் வரலாம் இல்லையா?

அடியில் கேட்கும் 'தும் தும்'

இளையராஜாவின் பாட்டு ஒன்றை நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பாடகரின் குரலுக்கும் வயலின்களுக்கும் அடியில், கனமாக ஒன்று தனி நடை நடந்துகொண்டே வரும். அதுதான் பேஸ் கிட்டார். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. இருக்கும்போது கண்ணில் படாது. இல்லாவிட்டால் பாட்டே வெறிச்சென்று ஆகிவிடும்.

ஒரு காலத்தில் இந்த வேலையை ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான் செய்தது. 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர், தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கும்படி நாலு தந்தி எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1976-ல் ஜிம்மி ஜான்சன் என்ற கலைஞர், இன்னும் கீழே போக வேண்டும் என்று தனக்காக ஒரு தந்தி கூட்டிச் செய்யச் சொன்னார். இன்று கடையில் பார்க்கும் ஐந்து தந்திக் கிட்டார்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான்.

'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு' என்பதற்கும் பதில் இருக்கிறது. மும்பையில் 1996-ல் பிறந்த மோகினி டே என்ற பெண், பேஸ் கிட்டார் கலைஞரான தன் அப்பாவிடமே பயின்று, ஏ.ஆர். ரஹ்மானின் மேடைகளில் ஐந்து தந்திக் கிட்டார் வாசித்தவர். அவருடைய வீடியோவை நாத்தனாருக்குக் காட்டினேன். "அடி ஆத்தி! விரலா அது?" என்றவள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவது தந்தி எதற்கு?

சுருதிப் பெட்டி பழக்கம் உள்ளவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஐந்து தந்திகளையும் கீழிருந்து மேலாகக் கட்டைக் கணக்கில் சொன்னால் 7, 3, 6, 2, 5. இங்கிலீஷ் எழுத்தில் பி, ஈ, ஏ, டி, ஜி. நாலு தந்திக் கிட்டாரில் முதலில் உள்ள 7 கட்டைத் தந்தி இருக்காது. 3 கட்டையோடு நின்றுவிடும்.

பெண் குரல்கள் பெரும்பாலும் 5, 5½ கட்டையில் பாடும். அந்தப் பாட்டுக்கு நாலு தந்தியே தாராளம். ஆண்கள் 1, 1½, 2 கட்டையில் பாடினால் அந்த 'ஸ'வைக் கீழே கனமாகப் பிடிக்க நாலு தந்தியில் இடமில்லை. மேல் ஸ்தாயிக்குத் தாவ வேண்டும். ஐந்தாவது தந்தி வந்தால் 7, 1, 1½, 2, 2½ என்று ஐந்து கீழ் ஸ்வரங்கள் கூடுதலாகக் கிடைக்கும். என் மகளின் குழுவில் பாடும் பையனுக்கு 1½ கட்டை. அவள் கேட்டது ஆடம்பரத்துக்கு அல்ல என்று எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கால்தான்.

ஆகவே உங்கள் பிள்ளை கேட்டால் முதல் கேள்வி, "யாருக்கு வாசிக்கிறே? எந்தக் கட்டை?" என்பதாக இருக்கட்டும். பதில் வராவிட்டால் நாலு தந்தியே போதும். மேடையில் பார்த்த ஆசைக்காக ஒரு தந்தியைக் கூட்டி வாங்கினால், கூடுவது எடையும் விலையும்தான்.

நாங்கள் செய்த தப்பு

எந்தக் கட்டை என்று கேட்ட நான், எந்தக் கிட்டார் என்று கேட்கவில்லை. ரவிக்கை தைத்துச் சேர்த்த பதினோராயிரத்தை எடுத்து, படத்தைப் பார்த்தே ஆர்டர் போட்டோம். பளபளவென்று கருஞ்சிவப்பில் வந்து இறங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போயின.

நாலு தந்தியும் நன்றாகவே பேசின. ஐந்தாவது தந்தி மட்டும் 'தொம்' என்பதற்குப் பதில் 'டர்ர்' என்றது. நிமிஷத்துக்கு ஒருமுறை சுருதி இறங்கியது. பிள்ளை அதை அடக்கி வாசிக்க இன்னும் அழுத்திப் பிடித்தாள். கிட்டாரின் தலைப்பக்கம் வேறு கீழே சரியும். அதை இடது கையால் தாங்கிக்கொண்டே வாசித்திருக்கிறாள்.

மூன்றாவது மாசம், சப்பாத்தி மாவு பிசையச் சொன்னால் வலது கையால் மட்டுமே பிசைகிறாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கவில்லை. "என்னடி கையில?" என்றேன். அழுகையோடு உண்மை வெளியே வந்தது. இடது மணிக்கட்டில் வலி, ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது. சொன்னால் கிட்டாரைப் பிடுங்கிவிடுவோமோ என்ற பயம்!

டாக்டர் ஒரு மாசம் ஓய்வு கொடுக்கச் சொன்னார். பிறகு சென்னையில் கிட்டார் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். "இந்தக் கழுத்துக்கு அஞ்சாவது தந்தி தாங்காது அம்மா. அதைக் கழட்டிட்டு நாலாவே வாசிக்கட்டும்" என்றார். எட்டு மாசம் அப்படியே வாசித்தாள், ஒரு நாள் கூட விடாமல். ஆசை நிஜம்தான் என்று அதில் எனக்குத் தெரிந்தது. அதனால் இரண்டாவது முறை சீட்டு எடுக்க நானே முன்வந்தேன்.

ஏன் 'டர்ர்' என்கிறது?

துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டினால் விறைப்பாக நிற்கும். தளர்த்தினால் தொய்ந்து துணி தரையில் படும். நாலு தந்தியின் கீழ் ஸ்வரம் விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது தந்தியின் ஸ்வரம் 31 முறைதான். அவ்வளவு மெதுவாக அதிர வேண்டுமானால் தந்தி தடிமனாக இருக்க வேண்டும், இல்லையேல் நீளமாக இருக்க வேண்டும், இல்லையேல் தொய்வாக இருக்க வேண்டும். மலிவான கிட்டாரில் நடப்பது அந்தத் தொய்வுதான். தொய்ந்த தந்தி மெட்டுக்களில் இடித்து இரைகிறது.

நல்ல கிட்டாரில் ஐந்தாவது தந்தி 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கும். கழுத்து வளையாத உறுதியோடு இருக்கும். தந்தியின் அதிரும் நீளம் வழக்கமாக 34 அங்குலம். சில ஐந்து தந்திக் கிட்டார்களில் 35. அந்த ஓர் அங்குலம் தந்திக்கு இறுக்கம் தரும். ஆனால் சின்னக் கைக்கு எட்டுவது சிரமம். என் மகள் கைக்கு 34-தான் ஒத்துவந்தது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

இந்தத் தடவை பஸ் ஏறிச் சென்னைக்கே போய்விட்டோம். அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் தொடங்கி இன்னும் சில கடைகளில் ஏறி இறங்கினோம். வீட்டிலேயே எழுதிக்கொண்டு போன சோதனைகள் இவை:

1. மாட்டிக்கொண்டு நிற்கட்டும், 10 நிமிஷம். இரண்டு கையையும் விடச் சொல்லுங்கள். தலைப்பக்கம் சரிந்தால் அந்தக் கிட்டார் வேண்டாம். ஐந்து தந்திக் கிட்டார் பல 4 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஒரு கைக்குழந்தையின் கனம்! தோள் வார் 3 அங்குல அகலமாவது இருக்கட்டும்.

2. ஆம்ப்ளிஃபயரில் சொருகாமல், ஐந்தாவது தந்தியை முதலில் மீட்டட்டும். பக்கத்துத் தந்தி அளவுக்குத் தெளிவாக, நீளமாக நிற்கிறதா? மின்சாரம் இல்லாமல் மங்கலாகக் கேட்பது மின்சாரத்தில் தெளிந்துவிடாது.

3. அதே தந்தியை 12-வது மெட்டில் அழுத்தினால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். செல்போனில் சுருதி பார்க்கும் செயலி இருக்கிறது, இலவசம்தான், அதில் சரிபாருங்கள்.

4. ஒவ்வொரு மெட்டிலும் ஒருமுறை அழுத்தி வாசிக்கட்டும். இரைச்சல் ஓரிரு இடத்தில் என்றால் கடைக்காரரே சரிசெய்து தரலாம். வழி நெடுக இருந்தால் விட்டுவிடுங்கள்.

5. கட்டை விரல் கழுத்தின் பின்னால் தளர்வாக இருக்கும்போதே மற்ற விரல்கள் ஐந்தாவது தந்தியை எட்ட வேண்டும். மணிக்கட்டு மடங்கி எட்டினால் கழுத்து அந்தக் கைக்கு அகலம் அதிகம் என்று அர்த்தம்.

பழைய கிட்டார் வாங்குவதானால், தச்சர் பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாரே, அதைப்போலக் கழுத்தைப் பாருங்கள். கோணல் இருந்தால் தெரியும். பாட்டரி போடும் மூடியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகளின் பட்டியலில் யமஹா, ஐபனெஸ், கோர்ட் என்று மூன்று பெயர்கள். யமஹா என்றதும் என் வீட்டுக்காரர், "நம்ம வல்லம் வடகால் பைக் கம்பெனியா? கிட்டாருக்கும் கிக்கர் உண்டா?" என்றார். உண்மையில் வாத்தியம்தான் மூத்தது. ஜப்பானில் 1887-ல் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கனைப் பழுது பார்த்த டொராகுசு யமஹா தொடங்கிய தொழில் அது; பைக் கம்பெனி 1955-ல்தான் தனியாகப் பிரிந்தது. அந்த வண்டிகளில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள், மூன்று சுருதிக் கவைகள்!

எதை வாங்கினோம் என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் அதையே வாங்குவீர்கள். உங்கள் பிள்ளையின் கை வேறு. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டைப் பார்த்தோம். ஒன்று நன்றாகப் பேசியது, மற்றது இரைந்தது. பெயரை வைத்து வாங்காதீர்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

விலையோடு தோள் வார், பை, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். பேஸுக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயர் வேண்டும். சாதாரண கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் கெட்டுப்போகும். ஹெட்ஃபோன் சொருகும் துளை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கை, காது, அக்கம்பக்கம்

அந்தத் துளை ஏன் என்றால், எங்கள் பக்கம் சி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர்கள் அதிகம். பாட்டுச் சத்தம் ஜன்னலைச் சாத்தினால் குறையும்; இந்தக் கீழ் ஸ்வரம் சுவரையே தாண்டிப்போகும். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நாள் சிவந்த கண்ணோடு வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து பகல் பயிற்சி எல்லாம் ஹெட்ஃபோனில்தான்.

ஹெட்ஃபோனிலும் சத்தம் அளவோடு இருக்கட்டும். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சத்தம் கூடக்கூட நேரம் வேகமாகக் குறையும். என் வீட்டுக்காரருக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. காதில் அடைப்பான் இல்லாமல் உள்ளே போக முடியாது. மேடை ஒத்திகைக்கு மகளும் இப்போது அடைப்பான் போட்டுக்கொள்கிறாள்.

கைக்கு நாங்கள் வைத்திருக்கும் சட்டம் இது. 25 நிமிஷம் வாசித்தால் 5 நிமிஷம் ஓய்வு. மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும். கூச்சமோ மரத்துப்போவதோ வந்தால் அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டும். இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். வலியைத் தாங்கி வாசிப்பது வீரம் இல்லை. மாவு பிசைந்து, துணி பிழிந்து, கை மரத்துப்போனாலும் வாயைத் திறக்காத நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் தந்திகளைத் துடைக்க வேண்டும். நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். பாட்டரி உள்ள கிட்டாரென்றால் ஒயரைப் பிடுங்கி வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் படும் சுவரிலோ அடுப்படிப் பக்கமோ சாத்தாதீர்கள், கழுத்து வளைந்துவிடும்.

பழைய கிட்டார் என்ன ஆச்சு?

அந்தக் கருஞ்சிவப்புக் கிட்டாரை விற்கலாம் என்று சொன்னார்கள். 'அஞ்சு தந்தி' என்று சொல்லி விற்க எனக்கு மனசு வரவில்லை. நாலு தந்தியோடு அது இப்போது எதிர்வீட்டுப் பையன் கையில் இருக்கிறது. என் மகளே அவனுக்குச் சொல்லித் தருகிறாள். அவனுக்கு அது போதும்.

போன ஆயுத பூஜைக்கு அவருடைய ஸ்பானர்கள், என் தையல் மெஷின், பக்கத்தில் புதுக் கிட்டார், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். வந்திருந்த நாத்தனார் ஐந்தாவது தந்தியை ஒரு விரலால் மெதுவாக மீட்டினாள். 'தொம்' என்று நின்று ஒலித்தது.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றாள்.