வானம் முக்கால், நிலம் கால்

தொடர் – 9

மகாராஜபுரத்துக்கு வருகிற யாரும் முதலில் மேற்கேதான் பார்ப்பார்கள். மலை அப்படி நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏற வருகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் தாணிப்பாறை போக வேண்டும். வண்டியை நிறுத்தி மலையைப் படம் பிடிப்பார்கள். முதுகுப் பக்கம் கண்மாய் இருக்கிறது, வயல் இருக்கிறது, தென்னந்தோப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பிப் படம் பிடித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்து ஓவியர்களான டேனியல்களும் இப்படித்தான். 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பிய தாமஸ் டேனியலும், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் தெற்கே நெடுந்தூரம் வந்தார்கள். மைசூர்ப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மலைக்கோட்டைப் படங்களுக்கு இங்கிலாந்தில் நல்ல கிராக்கி. திருச்சி மலைக்கோட்டை, மதுரை, கடைசியில் நம்முடைய இதே மலைத்தொடரின் பாபநாசம் அருவி. பின்னால் லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப்படங்களைப் புரட்டிப் பார்த்தால் பாறை, அருவி, கோட்டை, கோபுரம் என்று உயரமானவைதான் கண்ணை நிறைக்கும். இடையில் கடந்து வந்த எத்தனையோ மைல் சமவெளி அவர்களுக்கு வெறும் வழி. அவர்களைக் குறை சொல்லவில்லை. பாபநாசத்தை அவர்கள் வரைந்தது நமக்குப் பெரிய சொத்து. ஆனாலும் கண்மாயைப் பார்க்க வேறு கண் வேண்டும்.

அந்தக் கண் எனக்குக் கிடைத்தது ஹாலந்து ஓவியர்களிடம். அங்கே ஏறிப் பார்க்க மலையே கிடையாது. நாட்டில் சுமார் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே. கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, காற்றாலை வைத்து நீரை இறைத்து உண்டாக்கிய வயல்கள். 1840களில் யோஹன்னஸ் பில்டர்ஸ் என்பவர் ஊஸ்டர்பேக் என்ற கிராமத்துக் காட்டோரம் போய்த் தங்கினார். அவர் பின்னால் இளைஞர்கள் வந்தார்கள். 1841இல் தகரக் குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணம் வந்துவிட்டது. பையில் போட்டுக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து வரையலாம். வில்லெம் ரூலோஃப்ஸ் 1851இல் பிரான்சின் பார்பிசோன் கிராமத்துக்குப் போய், அங்கே மரத்தடியில் வரைந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். வெய்ஸன்ப்ரூக் என்ற ஓவியர் கையில் தொடுவானம் கீழே இறங்கியது. துணியில் முக்கால் பங்கு வானம். அடியில் ஒரு கீற்று நிலம், ஒரு வாய்க்கால், ஓரமாக ஒரு படகு. 1875இல் ஒரு விமர்சகர் இவர்களுக்கு ‘ஹேக் பள்ளி’ என்று பெயர் வைத்தார்.

யோஹன்னஸின் மகன் ஜெரார்ட் பில்டர்ஸ் காசநோயில் 26 வயதிலேயே இறந்துபோனவர். பல நிறங்கள் கூடி ஒரே கதகதப்பான சாம்பல் நிறமாக மணக்க வேண்டும், அதைத்தான் தேடுகிறேன் என்று கடிதத்தில் எழுதினார். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்ச் சொல் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது: மந்தாரம். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு முந்திய காலை. வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். கண்மாய்த் தண்ணீரும் வானமும் ஒரே நிறம். நடுவில் கரை மட்டும் கறுப்புக் கோடு. நீரில் நிற்கிற கருவேல மரத்தில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். மடைப் பக்கம் மட்டும் தண்ணீர் லேசாகச் சுழிக்கும். ஜெரார்ட் தேடியது இதைத்தான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

அவர்கள் கூட்டத்திலேயே பால் காப்ரியேல் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நம் நாடு சாம்பல் இல்லை, பசுமை சொட்டும் நாடு என்றார். அவருடைய ‘ஜூலை மாதத்தில்’ என்ற படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. வாய்க்கால் ஓரம் ஒரு காற்றாலை, தண்ணீரில் அதன் நிழல், சுற்றிலும் பச்சை. நடவு முடிந்து பயிர் பிடித்த எங்கள் வயலைப் போலிருக்கும். இன்னொரு படத்தில் ஈரவயலின் கோடியிலிருந்து புகை விட்டபடி ரயில் வருகிறது. ரயிலை மறைக்காமல் வரைந்தாரே, அதற்காக அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஏனென்றால் அந்த நாட்டுப்புறம் அப்போது கைபடாமல் இருக்கவில்லை. 1839இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1849 முதல் 1852 வரை மூன்று நீராவி நிலையங்கள் ஹார்லெம் ஏரியை இறைத்து வற்றவைத்தன. சுமார் 18,000 ஹெக்டேர் தண்ணீர் நிலமானது. காற்றாலைகளுக்கு வேலை போய்க்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இவர்கள் ஒவ்வொரு காற்றாலையாகத் தேடித் தேடி வரைந்தார்கள். போகப்போகிறது என்று தெரிந்துதான் அத்தனை அவசரம்.

நம் பக்கம் எத்தனையோ கண்மாய்கள் மனையிடமாகிவிட்டன. எந்த மரத்தடியில் மடை இருந்தது, எந்த இடத்தில் மறுகால் பாய்ந்தது என்று கேட்டால் வயதானவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். பார்க்க ஒரு படம் கிடையாது. வரைபடமும் பட்டாவும் இருக்கின்றன. அதில் அந்தக் காலை வெளிச்சம் இல்லை.

உங்கள் தெருவில் வரைகிற பிள்ளை யாராவது இருந்தால், இந்த மழைக்குக் கண்மாய் பெருகியதும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மலையைப் பார்க்க உட்கார வைக்காதீர்கள். மலைக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். காலை ஆறரைக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் மந்தாரம் கலைந்துவிடும்.